வேலி பயிரை மேயலாமா?

சட்டம் எதற்காக இயற்றப்படுகிறது? மனிதனை வருத்துவதற்காக அன்று. அவனையும் அவனுடைய அயலானையும் காப்பதற்காகவே. பள்ளிச் சிறுவனும் அறிந்த உண்மை இது. ஆயினும், சட்டத்தைக் காக்கும் கரங்களுக்கு, அச்சட்டம் மீறப்படுவதாலேயே வருவாய் பெருகத் தொடங்குமானால் என்ன நேரும்? மீறல் குறைய வேண்டும் என்று வாய் கூறும். குறைந்துவிடக் கூடாதே என்று உள்ளம் ஏங்கும். இவ்விரு மனநிலை ஒரு தனி மனிதனைப் பற்றினாலே கேடு விளையும். ஒரு மாநகர ஆட்சியைப் பற்றினால் விளைவது என்ன என்பதை, அமெரிக்க நாட்டின் சிகாகோ நகரம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகுக்கு எடுத்துக் காட்டி வருகிறது. அங்கே நாற்சந்திகளில் நிறுத்தப்பட்ட செவ்விளக்குக் காமிராக்களைப் பற்றிய சர்ச்சையே இம்மாத நம் சிந்தனைக்குரிய பொருள்.

கருவியும் அதன் நோக்கமும்

செவ்விளக்குக் காமிரா என்பது யாது? நாற்சந்தியின் நிறுத்தக் கோட்டருகே, சாலையின் அடியில் கம்பிச் சுருள்கள் பதிக்கப்படும். அல்லது கம்பத்தின் மேல் ராடார் கருவி பொருத்தப்படும். விளக்கு சிவப்பாக மாறிய பின்னரும் ஒரு வண்டி கோட்டைக் கடந்து சென்றால், அக்கணமே காமிரா அதனைப் படமெடுத்துவிடும். எண் பலகையைக் கொண்டு உரிமையாளர் யாரென்று அறிந்து, சில நாட்களில் அபராதச் சீட்டை அவர் வீட்டிற்கே அனுப்பி வைப்பார்கள். வண்டியை ஓட்டியவர் மகனா, மருமகனா, இரவல் வாங்கிச் சென்ற நண்பரா என்று அது கேட்பதில்லை. யார் பெயரில் வண்டி பதிவாகியுள்ளதோ அவரே பொறுப்பாளி.

இத்தகைய கருவிகளின் பிறப்பு வரலாறு சுவையானது. ஹாலந்து நாட்டைச் சேர்ந்த மௌரிஸ் கட்சோனிடஸ் என்பவர் புகழ்பெற்ற கார்ப் பந்தய வீரர். 1953-இல் மாண்டி கார்லோ பந்தயத்தில் வெற்றி பெற்றவர். வளைவுகளில் தாம் எவ்வளவு விரைவாகச் செல்கிறோம் என்று அளந்து, இன்னும் விரைவாகச் செல்வதற்காகவே அவர் வேகமானி ஒன்றை அமைத்தார். அக்கருவியே பின்னர் காவல் துறையின் கைக்கு வந்து, வேகத்தைத் தடுக்கும் கருவியாயிற்று. கருவி தன்னளவில் நல்லதும் அன்று, தீயதும் அன்று; அதனை ஏந்தும் கையின் நோக்கமே அதற்கு நிறம் கொடுக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இக்கருவி தேவையற்றது என்று எவரும் எண்ணிவிடலாகாது. அமெரிக்காவில் செவ்விளக்கை மீறுவதால் நேரும் விபத்துகளில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாறு மாள்வோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் விதியை மீறியவர்கள் அல்லர். பச்சை விளக்கை நம்பிச் சென்ற பிற வண்டியினரும், பாதசாரிகளும், சைக்கிளில் செல்வோருமே அவர்கள். குறுக்கே பாய்ந்து வரும் வண்டி மற்றொரு வண்டியின் பக்கவாட்டில் மோதும்போது, உள்ளே அமர்ந்திருப்பவருக்கும் சாவுக்கும் இடையே இருப்பது ஒரு கதவின் கனம் மட்டுமே. ஆகவே, சிவப்பு விளக்குக்கு அஞ்சி நிற்கச் செய்யும் எந்த ஏற்பாடும், அதன் நோக்கத்தைப் பொறுத்த மட்டில், போற்றத் தக்கதே.

சிகாகோவில் நடந்தது

மேயர் ரிச்சர்ட் டேலியின் ஆட்சிக் காலத்தில், 2003-ஆம் ஆண்டு, சிகாகோவில் இக்காமிராக்கள் நிறுவப்படலாயின. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ரெட்ஃபிளெக்ஸ் என்ற நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைக்கு ஒப்பந்தம் அளிக்கப்பட்டது. ஒரு மீறலுக்கு 100 டாலர் அபராதம். உரிய காலத்தில் செலுத்தாவிடில் அது 200 டாலராக இரட்டிக்கும். சில காமிராக்களில் தொடங்கிய திட்டம் வளர்ந்து வளர்ந்து, ஏறத்தாழ 190 நாற்சந்திகளில் 384 காமிராக்கள் என்ற நிலையை எட்டியது. அமெரிக்காவிலேயே மிகப் பெரிய திட்டம் இதுவே என்று பேசப்பட்டது. 2016-ஆம் ஆண்டுக்குள் நகரத்தின் கருவூலத்தில் இதனால் சேர்ந்த தொகை 50 கோடி டாலருக்கும் மேல்.

இவ்வளவு விரைவாக இத்திட்டம் வளர்ந்ததன் இரகசியம் என்ன? 2012-ஆம் ஆண்டு அக்டோபரில் 'சிகாகோ டிரிபியூன்' நாளிதழ் அதன் முதல் நூலிழையைப் பற்றி இழுத்தது. நகரப் போக்குவரத்துத் துறையில் இத்திட்டத்தை நடத்தி வந்த உயர் அதிகாரி ஜான் பில்ஸ் என்பவரின் உல்லாச விடுதிச் செலவை ரெட்ஃபிளெக்ஸ் நிறுவனம் செலுத்தியிருந்தது வெளியாயிற்று. இழுக்க இழுக்க நூல் நீண்டது. விடுமுறைப் பயணங்கள், கோல்ஃப் விளையாட்டு, அரிசோனா மாநிலத்தில் ஒரு வீடு, ஒரு மெர்சிடிஸ் கார், இவற்றோடு கட்டுக் கட்டாக ரொக்கப் பணம் எனக் கையூட்டின் பட்டியல் நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டது. நிறுவனம் அமர்த்திய இடைத்தரகர் ஒருவர் வழியே பணம் கைமாறியது. காமிராக்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, அதிகாரியின் வருவாயும் பெருகியது என்பதே இதில் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி.

2016-ஆம் ஆண்டு ஜனவரியில் பில்ஸ் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். ஆகஸ்ட் மாதத்தில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். குற்றத்தை ஒப்புக்கொண்ட நிறுவனத்தின் முன்னாள் தலைவி கேரன் ஃபின்லிக்கு முப்பது மாதச் சிறை. நிறுவனம் 2017-இல் நகரத்துக்கு 2 கோடி டாலர் செலுத்த இணங்கி வழக்கை முடித்துக்கொண்டது. டேலிக்குப் பின் மேயரான ராம் இமானுவேல் அதற்கு முன்னரே, 2013-இல், அந்நிறுவனத்தை விலக்கிவிட்டு வேறொரு நிறுவனத்தைத் தேடத் தொடங்கியிருந்தார்.

வாசகர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். இல்லினாய்ஸ் மாநிலத்தின் சட்டத்தில் நல்லதொரு விதி உண்டு. காமிரா நிறுவனத்துக்கு அளிக்கும் ஊதியம், அபராதச் சீட்டுகளின் எண்ணிக்கையையோ வசூலாகும் தொகையையோ பொறுத்ததாக இருத்தல் கூடாது என்று அது கூறுகிறது. சட்டம் இயற்றியோர் ஆபத்தை முன்னரே உணர்ந்திருந்தனர் என்பது தெளிவு. ஆனால் முன்வாசலுக்குப் பூட்டுப் போட்டபோது, பேராசை கொல்லைப்புறமாக நுழைந்துவிட்டது. சீட்டுக்குத் தரகு இல்லை என்றால் என்ன? காமிராவுக்குத் தரகு வாங்கலாம் அன்றோ!

இந்நோய் நகர எல்லையோடு நிற்கவும் இல்லை. மாநில மேலவையில் போக்குவரத்துக் குழுவின் தலைவராயிருந்த மார்ட்டின் சாண்டோவல், காமிராத் தொழிலுக்குப் பாதுகாவலராக நடந்துகொள்வதற்காகப் பணம் பெற்றதை 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதே மாதத்தில், மாநிலத்தின் நிதிக் கட்டுப்பாட்டு அதிகாரி சுசானா மெண்டோசா, செலுத்தப்படாத காமிரா அபராதங்களை ஊராட்சிகளுக்காகத் தம் அலுவலகம் இனி வசூலித்துத் தராது என்று அறிவித்தார்.

பத்தில் ஒரு நொடியின் விலை

கையூட்டுக் கதை ஒருபுறம் இருக்க, காமிராவின் நேர்மையைக் குறித்த மற்றொரு கேள்வியும் எழுந்தது. 2014-ஆம் ஆண்டு ஜூலையில் அதே நாளிதழ் மற்றொரு செய்தியை வெளியிட்டது. பல ஆண்டுகளாக நாளொன்றுக்கு ஓரிரு சீட்டுகளே வழங்கி வந்த சில காமிராக்கள், திடீரென்று சில நாட்களுக்கு டஜன் கணக்கில் வழங்கிவிட்டுப் பின்னர் அமைதியாகிவிட்டன. அந்நகரத்து ஓட்டுநர்கள் அனைவரும் ஒரே வாரத்தில் ஒழுக்கம் கெட்டு, மறு வாரத்தில் திருந்திவிட்டார்களா என்ன?

அதே ஆண்டில் நிறுவனம் மாறியபோது, மஞ்சள் விளக்கின் கால அளவிலும் ஒரு மாற்றம் நுழைந்தது. மஞ்சள் விளக்கு குறைந்தது 3 நொடி எரிய வேண்டும் என்பது விதி. மின்னோட்டத்தின் சிறு வேறுபாட்டால் சில நேரங்களில் அது 3 நொடிக்குச் சற்றே குறைந்து 2.9 நொடியாகும். முன்னர் அத்தகைய சீட்டுகள் தள்ளுபடி செய்யப்பட்டன, இப்போதோ ஏற்கப்பட்டன. விளைவு? நகரத்தின் தலைமை ஆய்வாளர் ஜோசப் ஃபெர்கூசனின் அறிக்கைப்படி ஏறத்தாழ 77,000 சீட்டுகள். 77 லட்சம் டாலர். பத்தில் ஒரு நொடியின் விலை இது! பழைய அளவுக்கே திரும்ப நகர நிர்வாகம் ஒப்புக்கொண்டது. ஆனால், வாங்கிய பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டது.

இம்மஞ்சள் விளக்கின் கணக்கைச் சற்று விளக்கிக் கூறுதல் பயன் தரும். டெனாஸ் கேசிஸ், ராபர்ட் ஹெர்மன், அலெக்ஸி மாரதுதின் என்னும் மூன்று அறிஞர்கள் 1960-இல் இதனை ஆராய்ந்து எழுதினார்கள். விளக்கு மஞ்சளாவதைக் கண்டு, காலைத் தடைக்கட்டை மீது வைப்பதற்கு ஒரு மனிதனுக்கு ஏறத்தாழ ஒரு நொடி வேண்டும். அதன் பின்னரே வண்டியின் வேகம் குறையத் தொடங்கும். மணிக்கு 30 மைல் வேகத்தில் செல்லும் வண்டி ஒவ்வொரு நொடியிலும் 44 அடி தூரத்தைக் கடக்கிறது. பொறியாளர்கள் வழக்கமாகக் கொள்ளும் அளவின்படி கணக்கிட்டால், அந்த வேகத்துக்கு 3.2 நொடி மஞ்சள் விளக்கு வேண்டும். அதற்குக் குறைந்தால், பாதுகாப்பாக நிற்கவும் இயலாது, சிவப்பாவதற்குள் கடக்கவும் இயலாது என்ற இக்கட்டான ஓர் இடத்தில் ஓட்டுநர் அகப்பட்டுக்கொள்வார். அவர் சட்டத்தை மீறவில்லை. சட்டம் அவர் காலடியில் குழி தோண்டியிருக்கிறது. சிகாகோவிலோ 30 மைல் வேகச் சாலைகளில் 3 நொடியே வழக்கம்.

இக்கணக்கை ஒரு சாதாரணக் குடிமகன் கேள்வி கேட்டபோது நடந்ததையும் நாம் அறிய வேண்டும். சிகாகோவுக்கு மேற்கே வெகு தொலைவில், ஓரெகன் மாநிலத்தில், மாட்ஸ் யார்ல்ஸ்ட்ரோம் என்பவரின் மனைவிக்கு 2013-இல் ஒரு காமிராச் சீட்டு வந்தது. சுவீடனில் பொறியியல் பயின்ற அவர், சந்தியில் திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கும் வண்டிக்கு அந்தப் பழைய கணக்கு போதிய நேரம் அளிப்பதில்லை என்று கண்டறிந்து, அதனை எல்லாருக்கும் எடுத்துரைத்தார். மாநிலப் பொறியாளர் வாரியம் என்ன செய்தது தெரியுமா? உரிமம் பெறாமல் பொறியியல் பேசினார் என்று கூறி அவருக்கு 500 டாலர் அபராதம் விதித்தது! அவர் தளரவில்லை. கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுகி, 2018-இல் தம் பேச்சுரிமையை நிலைநாட்டினார். 2020-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் கழகமே தன் வழிகாட்டு நெறியைத் திருத்தி, திரும்பும் வண்டிகளுக்கு நீண்ட நேரம் வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது.

உயிர்கள் காக்கப்பட்டனவா?

இனி முதன்மையான வினாவுக்கு வருவோம். காமிராக்களால் உயிர்கள் காக்கப்பட்டனவா? அபாயகரமான பக்கவாட்டு மோதல்கள் 47 விழுக்காடு குறைந்தன என்று சிகாகோ நகர நிர்வாகம் பெருமை பேசியது. 'டிரிபியூன்' நாளிதழின் வேண்டுகோளின்படி டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2014-இன் இறுதியில் வெளியிட்ட முடிவோ வேறு. காயம் விளைவிக்கும் பக்கவாட்டு மோதல்கள் 15 விழுக்காடு குறைந்தன. ஆனால் காயம் விளைவிக்கும் பின்புற மோதல்கள் 22 விழுக்காடு கூடின. அபராதத்துக்கு அஞ்சி முன் வண்டி சடாரென்று நிற்க, பின்னால் வரும் வண்டி அதன்மீது மோதுகிறது. விபத்துகள் ஏற்கெனவே அருகியிருந்த சந்திகளில் காமிராவால் நன்மை விளையவில்லை என்றும் அவ்வாய்வு கூறியது. அப்படியானால் அச்சந்திகளில் அது நிறுவப்பட்டது எதற்காக? விடையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

2017-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சற்று நடுநிலையான முடிவை வெளியிட்டனர். காயம் விளைவிக்கும் விபத்துகள் மொத்தத்தில் 10 விழுக்காடு குறைந்துள்ளன. பக்கவாட்டு மோதல்கள் 19 விழுக்காடு குறைந்து, பின்புற மோதல்கள் 14 விழுக்காடு கூடியுள்ளன என்றனர். விளக்கு சிவப்பான பின் 0.1 நொடி என்றிருந்த சலுகை நேரத்தை 0.3 நொடியாக உயர்த்த வேண்டும் என்ற அவர்களுடைய பரிந்துரையை நகரம் ஏற்றது.

காமிராக்களை முற்றிலும் அகற்றிவிடுவதே நியாயம் என்போரும் உண்டு. ஹூஸ்டன் நகர மக்கள் 2010-இல் வாக்களித்து அவற்றை வேண்டாம் என்றனர். டெக்சாஸ் மாநிலம் 2019-இல் சட்டம் இயற்றி அவற்றைத் தடை செய்தது. ஆயினும் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, காமிராக்களை நிறுத்திவிட்ட பெருநகரங்களில் செவ்விளக்கை மீறுவதால் நேரும் மரண விபத்துகளின் விகிதம், நிறுத்தாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 30 விழுக்காடு கூடுதல் என்று எச்சரிக்கிறது. வேலி பயிரை மேய்ந்தது என்பதற்காக வேலியே இல்லாத வயலை விரும்புவோமா? ஆடு மாடுகள் காத்திருக்கின்றனவே!

ஏழையின் தலையில் விழும் சுமை

குடும்பங்களின் நலனை நாடும் நாம் மற்றொன்றையும் கருத வேண்டும். 100 டாலர் என்பது ஒரு மருத்துவருக்கு மறந்துவிடக்கூடிய தொகை. குறைந்தபட்ச ஊதியத்தில் வாழும் தொழிலாளிக்கோ ஏறத்தாழ ஒரு முழு நாள் உழைப்பு. இம்மாதம் வாடகையா அபராதமா என்று திகைத்து நிற்கும் இல்லத்தில், அத்தொகை இரட்டிக்கிறது. வசூல் செலவும் அதன் மேல் ஏறுகிறது. இவ்வாறு மலை போல் குவிந்த கடனால் திவால் மனு கொடுத்த குடும்பங்கள் சிகாகோவில் பல.

காமிராவுக்கு நிறம் தெரியாது, இனம் தெரியாது என்பார்கள். ஆனால் 'புரோபப்ளிகா' செய்தி நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2015 முதல் 2019 வரை கறுப்பின மக்களும் ஸ்பானிய வழி மக்களும் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளின் இல்லங்களுக்குச் செவ்விளக்கு, வேகக் காமிராக்களின் சீட்டுகள் வெள்ளையர் பகுதிகளைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விகிதத்தில் சென்றன. அவர்கள் ஒழுக்கம் குறைந்தவர்கள் என்பதாலா? அன்று. விரைந்து செல்லத் தூண்டும் அகன்ற சாலைகளும், விரைவுப் பாதைகளின் நுழைவாயில்களும் அப்பகுதிகளிலேயே மிகுதி. சாலையை அமைத்தது நகரம். அபராதம் செலுத்துவதோ அதன் ஓரத்தில் வாழும் ஏழை. உரிய அறிவிப்புகளை முறைப்படி அனுப்பாமலே அபராதத்தை வசூலித்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 2017-ஆம் ஆண்டு நகரம் 3 கோடியே 87 லட்சத்து 50 ஆயிரம் டாலர் ஈடு செய்ய நேர்ந்தது. காலம் தாழ்த்திய குடிமகனிடம் இரட்டிப்புக் கேட்ட நகரம், தன் கடமையில் தானே தவறியது என்ற குற்றச்சாட்டுக்கு இவ்வாறு விலை கொடுத்தது.

உரைகல் எது?

ஆகவே நாம் சொல்ல விரும்புவது இதுவே. ஒரு காமிரா நல்ல காமிராவா என்பதை அறிய எளிய உரைகல் ஒன்று உண்டு. அதன் வருவாய் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வர வேண்டும். மக்கள் திருந்துவார்கள், மீறல் அருகும், உண்டியல் வெறுமையாகும். அந்நாளில் நகர மன்றம் மகிழ்ச்சி அடையுமானால், அது உயிர் காப்பதற்காகவே காமிராவை நிறுவியது என்று நம்பலாம். மாறாக, அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் "செவ்விளக்கு அபராதம், இத்தனை கோடி" என்று முன்கூட்டியே எழுதி வைத்து, அத்தொகை குறைந்தால் கவலைப்படுமானால், அது தான் தடை செய்யும் குற்றத்தையே விரும்பி எதிர்நோக்குகிறது.

இதனைத் தடுக்க வழிகள் இல்லாமற் போகவில்லை. காமிராவை நிறுவுமுன் மஞ்சள் விளக்கின் நேரத்தைச் சரியாக அமைக்க வேண்டும். விபத்து மிகுந்த சந்திகளிலேயே அதனை வைக்க வேண்டும். வரும் பணம் முழுவதையும் பாதசாரிகளின் நடைபாதைக்கும் சாலைச் சீரமைப்புக்கும் செலவிட வேண்டும். ஒப்பந்தங்களையும் கணக்குகளையும் எவரும் காணும்படி வெளியிட வேண்டும். ஏழையின் அபராதம் அவனுடைய ஆற்றலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இவற்றைச் செய்யும் நகரத்தை எந்த நேர்மையான ஓட்டுநரும் குறை கூறார்.

ஓட்டுநருக்கும் ஒரு சொல். அதிகாரி கையூட்டு வாங்கினார் என்பது, நாம் சிவப்பு விளக்கை மீறுவதற்கு உரிமைச் சீட்டு ஆகாது. குறுக்குச் சாலையில் பச்சை விளக்கை நம்பி அடியெடுத்து வைக்கும் தாய்க்கு, நகர மன்றத்தின் ஊழலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் நம்புவது நம்மை. காமிரா இருந்தாலும் இல்லாவிடினும், அந்த நம்பிக்கையைக் காப்பது நம் கடமை. ஆள்வோர் பணப்பெட்டியை மறந்து உயிரை நினைக்கட்டும். ஓட்டுவோர் அவசரத்தை மறந்து அயலானை நினைக்கட்டும். வேலியும் பிழைக்கும்; பயிரும் செழிக்கும்.